கைக்குட்டையும் கரித்துணியும்

கேள்வி: எனக்கு வயது 46. மதுரை காமராசர் சாலைப் பக்கம் வீடு. இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் காலை ஐந்தரை மணிக்கு வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ‘எல்லாரும் நடப்போம்’ என்று கூட்டு நடை நடத்துகிறேன். நடக்கலாம், ஓடலாம், கட்டணம் கிடையாது. நாற்பது பேர் வரை வருகிறார்கள். சக்கர நாற்காலியில் ஒரு அக்கா வருகிறார். பார்வையில்லாத தம்பி ஒருவர் ஓட வருகிறார். ஒரு கைக்குட்டையின் இரு முனைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நானே அவரோடு ஓடுகிறேன். எல்லாரும் ஒரே குடும்பம் போல ஆகிவிட்டோம். என் மனைவி மட்டும் ஒரு நாள்கூட வந்ததில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் நடக்க வேண்டும் என்று எவ்வளவோ சொல்லிவிட்டேன். அப்பாவைத் தனியே விட முடியாது என்று சாக்கு சொல்கிறாள் (அப்பாவுக்கு 79, சர்க்கரை உண்டு). நடை முடிந்ததும் எல்லாருக்கும் சுக்குமல்லிக் காபியும் சுண்டலும் செய்து கொடுத்துவிடுவாள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால், ஆசையாக வாங்கிக் கொடுத்த எங்கள் குழு டி-ஷர்ட்டைக் கரித்துணி ஆக்கிவிட்டாள். மனசே விட்டுப்போச்சு. இவளை எப்படி நடக்க வைப்பது?

பதில்: நல்ல காரியம் செய்கிறீர்கள் என்று முதலில் ஒரு பத்தி எதிர்பார்த்திருப்பீர்கள். அதை வாராவாரம் நாற்பது பேர் சொல்கிறார்கள், நான் வேறு எதற்கு? கரித்துணிக்கு வருவோம் தம்பி.

கொதிக்கிற பாத்திரத்தை இறக்கக் கை நீளும்போது பக்கத்தில் எது கிடக்கிறதோ அதுதான் கரித்துணி. நாற்பது பேருக்குக் காபி என்றால், ஆளுக்குச் சின்ன டம்ளரில் 100 மில்லி வைத்தாலும் 4 லிட்டர். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டுக் கொதிக்கவிட்டு, அந்தக் கனத்தை இரண்டு கையாலும் பிடித்து இறக்கிப் பாருங்கள். வழக்கமான கையகலத் துணி காணாது. பெரிய துணி வேண்டும். உங்கள் டி-ஷர்ட் பெரிய துணி. கோபத்தில்தான் அதை எடுத்தார் என்றாலும் எனக்கு ஆச்சரியமில்லை. ‘எல்லாரும் நடப்போம்’ என்று எழுதிய துணியைப் பிடித்துக்கொண்டு, நடக்காமல் அடுப்படியில் நிற்கிற ஒரே ஆள் அவர்தானே.

உங்கள் கடிதத்தில் அந்தக் காபி ஒரே வரியில் முடிந்துவிட்டது. கடலையைச் சனிக்கிழமை ராத்திரியே ஊறப்போட வேண்டும். ஞாயிறு நாலு மணிக்கு எழுந்தால்தான் குக்கரை இறக்கித் தாளித்து, தேங்காய் துருவிப் போட்டு, நடை முடிகிற நேரத்துக்குக் கொடுத்தனுப்ப முடியும். பாத்திரம் திரும்பி வந்து கழுவிக் கவிழ்க்க எட்டு மணியாவது ஆகும். யார் கழுவுகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததிலேயே தெரிகிறது. நாலிலிருந்து எட்டு வரை 240 நிமிடம். நீங்கள் வகுப்பெடுத்த 150 நிமிடக் கணக்கு சரிதான். விறுவிறுப்பாக நடப்பது போன்ற வேலை வாரத்துக்கு அவ்வளவாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அந்த 150-ஐ உங்கள் மனைவி எந்த நேரத்திலிருந்து எடுப்பார் என்றுதான் நீங்கள் யோசிக்கவில்லை. உங்கள் நடைக்கே 240 போய்விட்டது.

பார்வையில்லாதவரோடு ஓடுகிற வேலை லேசானது இல்லை, அது எனக்கும் தெரியும். அவர் வேகத்துக்குத்தான் ஓட வேண்டும், முன்னால் போய் இழுக்கக் கூடாது. வேகத்தடை வருகிறது, நாய் படுத்திருக்கிறது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவ்வளவு பக்குவம் தெரிந்த மனிதருக்கு, வீட்டில் இருப்பவரை இழுக்கத்தான் தெரிகிறதா? ஊரார் பிள்ளைக்குக் கைக்குட்டை, கட்டின மனைவிக்குக் கரித்துணி!

அப்புறம் அந்தச் ‘சாக்கு’ என்ற சொல். அதைப் படித்ததும் உண்மையிலேயே கோபம் வந்தது. சர்க்கரை உள்ள 79 வயதுக்காரருக்கு நேரத்துக்குக் கஞ்சி வேண்டும், மாத்திரை வேண்டும். விடிகாலையில் தலைசுற்றி விழுந்தால் தூக்க ஆள் வேண்டும். அவர் உங்கள் அப்பா. நான் பழைய காலத்து மனுஷி, அதனால் பழைய கணக்கே சொல்கிறேன்: பெற்றவரைப் பார்ப்பது பிள்ளையின் கடமை. மருமகள் செய்வது அந்தக் கடமையில் ஒரு கை கொடுப்பது. இரண்டு வருடமாகக் கை கொடுக்கிறவரைச் சாக்கு சொல்கிறார் என்கிறீர்கள்.

லண்டனில் 2004-ல் ஒரு பூங்காவில் 13 பேரோடு ஆரம்பித்த ‘பார்க்ரன்’ இன்று பல நாடுகளில் சனிக்கிழமை காலைகளில் நடக்கிறது. கட்டணமில்லாத 5 கிலோமீட்டர், ஓடலாம், நடக்கலாம், உங்கள் நடை மாதிரியேதான். அங்கே ஒரு ஏற்பாடு உண்டு. எல்லாருக்கும் பின்னால் ஒரு தன்னார்வலர் நடந்து வருவார். எவ்வளவு மெதுவாக வந்தாலும் வருகிற ஆள் யாரும் கடைசி ஆள் ஆக மாட்டார். அந்த இடம் தன்னார்வலருக்கு. தெப்பக்குளமும் அதற்குத் தோதான இடம். ஆயிரம் அடிக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது அடி, ஒரு சுற்று ஒன்றேகால் கிலோமீட்டருக்குப் பக்கம். ஒரு சுற்று நடந்தவரும் நாலு சுற்று ஓடியவரும் ஒரே மூலையில்தான் வந்து நிற்பார்கள். சரி, உங்கள் நடையில் கடைசி ஆள் யார்? எட்டு மணிக்குப் பாத்திரம் கவிழ்க்கிறவர். அவருக்குப் பின்னால் யார் வருகிறார்கள்?

முதல் வேலையாகக் காபியை நிறுத்துங்கள். குழுவில் நீங்களே சொல்லுங்கள். “வீட்டில் அவளுக்கு முடியலையாம்” என்று அவர் தலையில் போடாதீர்கள். “இத்தனை நாள் கேட்காமலே வாங்கிக் குடித்துவிட்டோம்” என்று சொல்லுங்கள். சைக்கிளில் கேனை வைத்துச் சுக்குக் காபி விற்கிறவர்கள் மதுரையில் இல்லையா? ஆளுக்குக் காசு போட்டு வாங்கிக் குடியுங்கள். விற்கிறவருக்கும் நாற்பது போணி.

கைக்குட்டையின் மறுமுனையைப் பிடிக்க இன்னும் இரண்டு பேரைப் பழக்குங்கள். நீங்கள் ஒருத்தர் வராவிட்டால் அந்தத் தம்பி ஓட முடியாது என்றால் ஏற்பாட்டில் ஓட்டை இருக்கிறது. பழகியதும் ஒன்று விட்டு ஒரு ஞாயிறு வீட்டில் இருங்கள்.

உங்கள் மனைவியை நடக்கக் கூப்பிடாதீர்கள். நான் சொல்வது சரிதான், கூப்பிடாதீர்கள். கிடைத்த காலையில் அவர் தூங்கலாம், கோயிலுக்குப் போகலாம், அம்மா வீட்டுக்குப் போய் வரலாம். ஒரு நாள் அவராகவே தெப்பக்குளத்துக்கு வந்தால், மைக்கில் பெயர் சொல்லிக் கைதட்ட வைத்துவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும். (அவருக்கும் என்னிடம் ஒரு திட்டு உண்டு: முதல் வாரமே “நாற்பது பேருக்கு முடியாதுங்க” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்து உங்கள் காதில் ஏறவில்லை என்றால், இந்தத் திட்டையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.)

புது டி-ஷர்ட் வாங்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள். பழையது அடுப்படியிலேயே கிடக்கட்டும். நீங்கள் வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் கஞ்சியை இறக்க உங்களுக்கே அது வேண்டியிருக்கும்.