அக்காவிடம் கேளுங்கள்: கம்மலும் கிறிஸ்துமஸ் தட்டும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பண்டிகைச் செலவைப் பற்றித்தான். கையில் காசில்லை, ஆனால் கொடுக்காமல் இருக்கவும் மனசில்லை என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுகிறீர்கள். ஆறு கடிதங்களை மட்டும் எடுத்திருக்கிறேன். பெயர் வேண்டாம், ஊர் போதும்.

அக்கா, என் வீட்டுக்காரருக்கு உப்பளத்தில் வேலை. ஐப்பசி மழை இறங்கினதும் வேலை நின்றுபோனது. அரசாங்கம் தருகிற மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாயும் ஸ்கூல் வேன் பாக்கிக்கே சரியாகப் போய்விட்டது. வருஷா வருஷம் 12 வீட்டுக்குப் பலகாரத் தட்டு, நாத்தனார் பிள்ளைகளுக்குத் துணி, கோயிலுக்குக் காணிக்கை என்று செய்து பழகிவிட்டோம். என் கம்மலை வைத்து 20,000 வாங்கலாமா என்று கேட்டால், "யாருக்கும் எதுவும் வேண்டாம், கதவைச் சாத்திட்டு இருப்போம்" என்கிறார். யார் சொல்வது சரி?
(வாசகி, தூத்துக்குடி)

ரெண்டு பேருமே சரியில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள் தங்கச்சி.

முதலில் கம்மல். அடகுக் கடையில் ரெண்டு ரூபாய் வட்டி என்றே வைத்துக்கொள்வோம், 20,000-க்கு மாசம் 400 ரூபாய். தை பிறந்து, தண்ணீர் வடிந்து, பாத்தி மிதித்து, உப்பு வாரி, கூலி கையில் நிற்க எப்படியும் பங்குனி ஆகிவிடும். அதற்குள் வட்டியே 1,500 தாண்டும், அசல் அப்படியே இருக்கும், அந்தச் சமயம் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் அடுத்த வருஷ ஃபீஸ் கேட்பார்கள். நகை என்பது ஆஸ்பத்திரிக்கும் படிப்புக்கும் வைக்கிற கடைசித் துருப்பு. அதைக் கேக்குக்கும் துணிக்கும் இறக்கிவிட்டு, நாளைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மீட்டர் வட்டிக்காரன் வாசலில் போய் நிற்பீர்களா?

சரி, உங்கள் வீட்டுக்காரர் ஏன் கதவைச் சாத்தச் சொல்கிறார்? கஞ்சத்தனம் இல்லை அது. போன வருஷம் கொடுத்த அளவுக்குக் கொடுக்க முடியாவிட்டால் தெருவில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடுமே என்கிற கூச்சம். சம்பாதிக்கிற ஆம்பளைக்கு வேலையில்லாத மாதங்களில் வருகிற கூச்சம் லேசானதில்லை. அவரிடம் கணக்குப் பேசுவதற்கு முன்னால் அதைப் புரிந்துகொண்டு பேசுங்கள். அப்புறம் இதையும் யோசித்துப் பாருங்கள்: உங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இந்த மாதங்களில் வேலை கிடையாது. கிறிஸ்துமஸ் வருவதே உங்கள் ஊரில் உப்புக்கு வேலையில்லாத காலத்தில்தான். யாருக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறீர்களோ அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

தட்டை நிறுத்தாதீர்கள், சின்னதாக்குங்கள். கேக் வேண்டாம், ஐந்து வகைப் பலகாரம் வேண்டாம், ஒரே பலகாரம் போதும். என் ஓட்டு முந்திரிக்கொத்துக்கு (நான் நாகர்கோவில் பக்கம், அதனால் இதில் நடுநிலை எதிர்பார்க்காதீர்கள்). பெயரில்தான் முந்திரி, உள்ளே ஒரு முந்திரிப்பருப்புகூடக் கிடையாது. மூன்று மூன்றாக ஒட்டிப் பொரித்தால் கொடிமுந்திரிக் குலை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். பாசிப்பயறு ஒரு கிலோ, வெல்லம் ஒரு கிலோ, ஒரு தேங்காய், கொஞ்சம் எள், ஏலக்காய், மேல்மாவுக்கு அரிசி, பொரிக்க எண்ணெய். நூறு உருண்டைக்குக் கிட்டத்தட்ட வரும். வீட்டுக்கு ஆறு வைத்தால்கூட 12 வீட்டுக்கு 72, மீதி உங்கள் பிள்ளைகளுக்கு. தேங்காயை நன்றாகச் சிவக்க வறுத்துப் போட்டால் பத்துப் பதினைந்து நாள் கெடாது. முன்கூட்டியே செய்து வைத்துவிட்டு 24-ஆம் தேதி ராத்திரி ஆராதனைக்கு அலுப்பில்லாமல் போகலாம், அதுவும் ஒரு லாபம்.

இன்னொன்று. அந்த 12 வீட்டில் தீபாவளிக்கு உங்களுக்குத் தட்டு அனுப்பியவர்கள் எத்தனை பேர்? அவர்களை விடாதீர்கள். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று நம் பாட்டிமார் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவார்கள். அளவு அங்கே யாருக்கும் கணக்கில்லை. ஆனால் "போன வருஷம் அவர்கள் ஒரு கிலோ கேக் கொடுத்தார்கள், நாமும் கொடுக்கணும்" என்று ஓடுகிற வரிசை இருக்கிறதே, அதை இந்த வருஷம் தைரியமாக வெட்டுங்கள். திருப்பி வரும் என்று அளந்து கொடுப்பதற்கு வள்ளுவர் 'குறியெதிர்ப்பை' என்று பேர் வைத்திருக்கிறார், கைமாற்றுக் கடன் மாதிரிதான் அது. நாத்தனாரிடமும் நேராகப் பேசிவிடுங்கள்: "அண்ணி, இந்த வருஷம் ரெண்டு பக்கமும் துணி வேண்டாம், சாப்பிட மட்டும் வாங்க." அவர்களும் இதைச் சொல்ல முடியாமல்தான் முழித்துக்கொண்டிருப்பார்கள், பாருங்கள்.

கொடுக்கணும் என்ற உங்கள் ஆசைக்கு ஒரு வழி சொல்கிறேன். பிடி அரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனி டப்பாவில் போடுவது உங்கள் பக்கத்துச் சபைகளில் பழைய வழக்கம், உங்கள் அம்மாவைக் கேட்டால் தெரியும். மிசோரமில் 1910-ல் பெண்கள் இதைத் தொடங்கி, இன்றைக்கும் வீட்டுக்கு வீடு எடுத்து வைக்கிறார்கள். அந்த அரிசியைச் சபை சேகரித்து விற்று, அந்தப் பணத்தில் ஊழியம் நடத்துகிறது. ஒரு பிடி 50 கிராம் என்றால், டிசம்பர் 1-லிருந்து 24 வரை ரெண்டு வேளைக்கு 2 கிலோ 400 கிராம். உங்களைவிடக் கஷ்டப்படுகிற ஒரு வீட்டுக்கு ரெண்டு நாள் சோறு. பிடியை எடுத்து வைக்கிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அப்பாவுக்கு வேலையில்லாத மாசத்திலும் நம் வீட்டிலிருந்து ஒன்று வெளியே போகிறது என்பதை அதுகள் கண்ணால் பார்க்கட்டும்.

2023 டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, 17, 18 தேதிகளில் அடித்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக்கொண்டது. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள்தான் இருந்ததை வைத்துப் பொங்கிப் போட்டார்கள். அவர்கள் யாரும் முதலில் கடை கண்ணி திறக்கட்டும், அப்புறம் விருந்து வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கவில்லை. உங்கள் வீட்டுக்காரரிடம் இதை ஞாபகப்படுத்துங்கள், கதவைத் திறந்துவிடுவார்.

எங்கள் வாலிபர் குழு சார்பில் கேரல் ரவுண்ட்ஸ் (வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு) போய்ச் சேர்த்த காசில் 30 குடும்பங்களுக்கு அரிசி, எண்ணெய், போர்வை கொடுக்கிறோம். மேடையில் பெயர் கூப்பிட்டு, விருந்தினர் கையால் கொடுத்துப் போட்டோ எடுத்தால்தான் அடுத்த வருஷம் நன்கொடை வரும் என்கிறார் ஒரு அண்ணன். அப்படி மேடையில் வைத்துக் கொடுக்கலாமா?
(வாசகர், பாளையங்கோட்டை)

வேண்டாம் தம்பி.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் கேன்டன் என்று ஒரு ஊர். 1933, பெருமந்தம் என்கிற உலகப் பொருளாதாரச் சரிவு உச்சத்தில் இருந்த வருஷம், நாட்டில் நாலில் ஒருவருக்கு வேலை கிடையாது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால் உள்ளூர்ப் பத்திரிகையில் பி. விர்டாட் என்ற பெயரில் ஒரு விளம்பரம்: உங்கள் கஷ்டத்தை எழுதி அனுப்புங்கள், 75 குடும்பங்களுக்குப் பத்து டாலர் தருகிறேன், உங்கள் பெயர் வெளியே வராது. வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்து மனுஷன் திட்டத்தை மாற்றினார், 150 குடும்பங்களுக்கு ஐந்து ஐந்து டாலராகப் போனது. எழுதியவர்களில் நேற்றுவரை கடை வைத்து நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்தவர்களும் உண்டு. எங்கேயும் போய்க் கை நீட்டியிருக்க மாட்டார்கள், பெயர் வெளியே வராது என்பதால்தான் எழுதினார்கள்.

பி. விர்டாட் யார் என்று ஊருக்குத் தெரிய 75 வருஷம் ஆனது. 2008-ல் ஒரு பழைய பெட்டியில் அந்தக் கடிதங்கள் அகப்பட்டபோதுதான் பேரனுக்கே விளங்கியது, கொடுத்தவர் தன் தாத்தா சாம் ஸ்டோன் என்று. துணிக்கடைக்காரர், ருமேனியாவிலிருந்து பிழைக்கப் போன யூதர். கிறிஸ்துமஸ் அவருடைய பண்டிகைகூட இல்லை! பார்பரா, வர்ஜீனியா, டாரதி என்ற மூன்று மகள்களின் பெயரிலிருந்து எழுத்துப் பொறுக்கி அந்தப் பொய்ப்பெயரைச் செய்திருந்தார்.

உங்களுக்கு அவ்வளவு மர்மம் வேண்டாம். பையைக் கட்டி, இருட்டின பிறகு ரெண்டு ரெண்டு பேராக வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். நன்கொடையாளருக்கு வரவு செலவுக் கணக்கை அச்சடித்துக் கொடுங்கள், போட்டோவைவிட அதற்கு மதிப்பு அதிகம். உங்கள் அண்ணன் கேட்டால், "வலதுகை செய்கிறதை இடதுகை அறியக்கூடாதுன்னு நீங்கதானே அண்ணே ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தீங்க" என்று கேளுங்கள். பாவம், பதில் இருக்காது.

பக்கத்து வீதி அக்கா ஒருவர் கிறிஸ்துமஸ் சீட்டு பிடிக்கிறார். மாசம் 500, பன்னிரண்டு மாசம் கட்டினால் மளிகை, ஒரு குக்கர், ஒரு கிராம் வெள்ளிக் காசு. சேரலாமா?
(வாசகி, மார்த்தாண்டம்)

பதிவு செய்த சீட்டா என்று கேளுங்கள். 1982-ஆம் வருஷச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவும் முன் அனுமதியும் இல்லாமல் சீட்டு நடத்தக் கூடாது. கேட்டால் "எங்க மேல நம்பிக்கை இல்லையா" என்பார்கள். எனக்கும் ஒருத்தர் அப்படித்தான் சொன்னார், ஒன்பது மாசம் கட்டிய பிறகு ஒரு நாள் காலையில் அவர்கள் வீட்டில் பூட்டு தொங்கியது, நான் அந்த வருஷம் பழைய புடவையில்தான் கோயிலுக்குப் போனேன்.

500 வீதம் 12 மாசம் 6,000. வங்கியில் ஒரு வருஷத்துக்கு ஆர்.டி. (மாசா மாசம் கட்டுகிற சேமிப்பு) போட்டால் அந்த 6,000-மும் மேலே கொஞ்சம் வட்டியும் நவம்பர் கடைசியில் உங்கள் கைக்கு வரும்படி பார்த்துக்கொள்ளலாம். குக்கர் வராது. குக்கர் தேவைதானா என்று அப்போது முடிவு செய்துகொள்ளலாம்.

ஹாஸ்டலில் 'கிறிஸ் மாம், கிறிஸ் சைல்ட்' விளையாட்டுக்குச் சீட்டு எடுத்தோம். சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவர்தான் நம் கிறிஸ் சைல்ட், நாம் யார் என்று காட்டிக்கொள்ளாமல் அவருக்குப் பரிசு கொடுக்கவேண்டும். என் கிறிஸ் சைல்ட் வசதியான வீட்டுப் பெண். என்னிடம் மொத்தமே 150 ரூபாய்தான் இருக்கிறது.
(மாணவி, மதுரை)

அந்த விளையாட்டின் ருசியே யார் என்று தெரியாமல் ஒரு மாசம் முழுக்கச் சீண்டுவதுதானே கண்ணு! தலையணைக்கு அடியில் ஒரு கடலைமிட்டாய், நோட்டுக்குள் ஒரு துண்டுச் சீட்டு, பரீட்சை அன்றைக்கு ஒரு பேனா. 150 ரூபாய்க்குப் பத்து நாள் ஓட்டலாம். அடுத்த தடவை சீட்டு எடுப்பதற்கு முன்னால், 100 ரூபாய்க்கு மேல் கூடாது என்று எல்லோருமாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். உன்னை மாதிரியே காசில்லாமல், அதைச் சொல்லவும் முடியாமல் இன்னும் நாலு பேர் இருப்பார்கள்.

கடன் தலைக்கு மேல் இருக்கும்போது சபைக்குத் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுக்கவேண்டுமா? கொடுக்காமல் பண்டிகை ஆராதனைக்குப் போகக் கூச்சமாக இருக்கிறது.
(வாசகர், திண்டுக்கல்)

நான் போதகர் இல்லை, குடும்பக் கணக்குப் பார்க்கிறவள். அதனால் வேதத்தில் உள்ளதையே சொல்லிவிடுகிறேன்: "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்." நீங்கள் கூச்சத்துக்காகக் கொடுத்தால் அது கட்டாயம்தான். கடன் கொடுத்தவர் பணத்தை எடுத்துக் காணிக்கைப் பையில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை, வாங்கிய கடனைச் சொன்ன தேதியில் கட்டுங்கள். அப்புறம் மிஞ்சுகிற பத்து ரூபாயை நிமிர்ந்து போடுங்கள். ரெண்டு காசு போட்ட விதவையைப் பற்றி வருஷா வருஷம் பிரசங்கம் கேட்கிறோம், பத்து ரூபாய் போட மட்டும் வெட்கப்படுகிறோம்.

உங்கள் சபையில் காணிக்கை கொடுத்தவர் பட்டியலைத் தொகையோடு வாசிக்கிற வழக்கம் இருந்தால், அதை நிறுத்தச் சொல்லிக் கமிட்டியிடம் கேளுங்கள். தனியாகக் கேட்கச் சங்கடமாக இருந்தால் நாலு பேராகப் போங்கள்.

கடையில் வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்று முதல் தடவையாக முந்திரிக்கொத்து செய்து பார்த்தேன். மேல்மாவு எண்ணெயில் கழன்று, உருண்டை உதிர்ந்து, சட்டி முழுக்கப் பாசிப்பயறு. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.
(வாசகி, சென்னை)

உருண்டை பிடித்த கையோடு பொரித்திருப்பீர்கள். ஒரு ராத்திரி தட்டில் பரப்பி ஆறவிட்டால் கல் மாதிரி இறுகும், அப்புறம்தான் மாவில் முக்கவேண்டும். மாவு இட்லி மாவுப் பதம், ஒரு சிட்டிகை மஞ்சள், உப்பு. எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், போட்டதும் கரண்டியால் கிண்டக் கூடாது. உதிர்ந்ததைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எண்ணெயை வடித்துவிட்டுத் தேங்காய்ப்பாலும் கொஞ்சம் வெல்லமும் ஊற்றிக் கொதிக்கவைத்தால் பாயசம். மாமியாருக்கு முதல் டம்ளர்.