மரக் கொட்டகைக்கு எத்தனை கன அடி மரம் வேண்டும்?

கேள்வி: மண்வெட்டி, ஹோஸ் பைப், புல்வெட்டும் மெஷின் எல்லாம் வைக்கத் தோட்டத்தில் 10 அடிக்கு 8 அடியில் ஒரு மரக் கொட்டகை நானே போடலாம் என்றிருக்கிறேன். சுவர் உயரம் 7 அடி. மொத்தம் எத்தனை கன அடி மரம் வாங்குவது?

பதில்: கன அடி என்பது கடையில் பில் போடுவதற்கான அளவு. நீங்கள் முதலில் எண்ண வேண்டியது துண்டுகளை.

சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2 அடிக்கு ஒரு குத்துக்கால் (நிமிர்ந்து நிற்கும் கட்டை) என்றால் 10 அடிச் சுவருக்கு 6. இடைவெளி ஐந்துதான், கால் ஆறு. அந்தக் கூடுதல் ஒன்றைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். 8 அடிச் சுவருக்கு 5. ஆக நான்கு சுவருக்கும் 22, கதவின் இருபக்கமும் சேர்த்து 24. தலா 7 அடி வைத்தால் 168 அடி. சுற்றளவு 36 அடி; கீழே ஒரு வரிசை, மேலே இரண்டு வரிசை படுக்கைச் சட்டத்துக்கு 108 அடி. மொத்தம் 276 அடி. 3 அங்குலத்துக்கு 2 அங்குலச் சட்டம் என்றால் 3 × 2 × 276 ÷ 144 = 11.5 கன அடி.

சரி, 11.5 கன அடி கொடுங்கள் என்று கேட்டு, கடைக்காரர் எல்லாவற்றையும் 10 அடிக் கட்டையாகவே போட்டுவிட்டால்? குத்துக்காலுக்கு 3 அடி வீதம் 72 அடி துண்டு விழும். அதாவது 3 கன அடி. இடைக்கட்டைக்குக் கொஞ்சம் ஆகும், மீதி அடுப்புக்குத்தான். 14 அடிக் கட்டை கிடைத்தால் ஒன்றில் இரண்டு கால் எடுக்கலாம், 12 கட்டையில் வேலை முடிந்தது. மேல், கீழ்ச் சட்டத்தின் கனம் போகக் குத்துக்கால் 7 அடிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும் என்பதால் ரம்பம் தின்னும் அளவும் அதில் அடங்கிவிடும். அதனால் கடையில் எந்தெந்த நீளம் இருக்கிறது என்று கேட்டுவிட்டு அப்புறம் பட்டியல் போடுங்கள்.

சுவர்ப் பலகையில் ஏமாற்றுவது அகலம். 6 அங்குலப் பலகையை ஒன்றன்மேல் ஒன்று 1 அங்குலம் ஏற்றி அடித்தால் மூடுவது 5 அங்குலம்தான். 84 அங்குல உயரத்துக்கு 14 வரிசை அல்ல, 17 வரிசை. 36 அடிச் சுற்றளவுக்கு 612 அடி. 14 வரிசை என்று நினைத்திருந்தால் 108 அடி குறைந்திருக்கும். இழைத்த பலகை என்றால் உண்மையான அகலத்தை டேப் வைத்துப் பாருங்கள், சொல்லும் அளவைவிடக் குறைவாகவே இருக்கும். கதவுக்கு இடம் கழிக்க வேண்டாம், அதே பலகையில்தான் கதவும் செய்யப் போகிறீர்கள். சேதாரத்துக்கு 10 சதவீதம் சேர்த்தால் சுமார் 675 அடி.

கூரை நீர் வடிய ஒரு 10 அடிச் சுவரை 1 அடி உயர்த்தினால் அந்தச் சுவரின் கால்கள் 8 அடியாகும், பலகையும் இன்னொரு 44 அடி பிடிக்கும். சாய்வாக அறுப்பதால் அங்கே சேதாரமும் அதிகம். கூரையைத் தாங்கும் சாய்வுக் கட்டை 6. விளிம்பு இருபக்கமும் முக்கால் அடி நீட்ட, தலா 10 அடி.

ஆணியை எடை போட்டு வாங்குவதற்கு முன் இதையும் எண்ணிவிடுங்கள்: 17 வரிசை, 22 கால், 374 இடம். இடத்துக்கு ஒன்று போதும். அதையும் அடியில் இருக்கும் பலகையின் மேல் விளிம்புக்குச் சற்று மேலே அடியுங்கள். இரண்டு பலகையையும் சேர்த்து ஆணி அடித்தால் மரம் சுருங்கும்போது பலகை பிளந்துவிடும்.