பீமேஸ்வரியில் தூண்டில் போடலாமா?

கேள்வி: அல்சூரில் இருக்கிறோம். பத்து வயது மகனுக்குத் தூண்டில் என்றால் உயிர். கனகபுரா தாண்டிக் காவிரியில் பெரிய பெரிய மஹசீர் மீன்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போய்த் தூண்டில் போடலாமா? ஆற்றில் குளிக்கலாமா?

பதில்: தூண்டில் கூடாது. குளிப்பதும் வேண்டாம். ஆனால் பையனைக் கட்டாயம் அழைத்துப் போங்கள்.

பீமேஸ்வரி, முத்தத்தி, சங்கமம் எல்லாம் காவிரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகின்றன. முன்பு அங்கே மீன்பிடி முகாம்கள் நடந்தன; பிடித்த மீனை எடை பார்த்துவிட்டு ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். சரணாலயத்துக்குள் அதற்கும் இப்போது இடமில்லை. உங்களிடம் சொன்னவர்கள் பழைய கதையைச் சொல்லியிருக்கலாம்.

அந்த மீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காவிரிக்கென்றே உரியது திமில் மஹசீர். தலைக்குப் பின்னால் முதுகு திமில் போல எழும்பியிருக்கும், துடுப்புகளில் ஆரஞ்சு நிறம் ஓடும். தாடையில் பல் கிடையாது. நண்டையும் நத்தையையும் தொண்டையில் இருக்கும் பற்களால் நொறுக்கும். 1946-இல் காவிரியின் துணையாறான கபினியில் பிடிபட்ட ஒரு மஹசீர் 120 பவுண்டு, சுமார் 54 கிலோ. உங்கள் பையனைப் போல இரண்டு பேர் எடை!

இவ்வளவு பேர்பெற்ற மீனுக்குச் சரியான அறிவியல் பெயர் 2018-இல்தான் உறுதியானது: டோர் ரெமாதேவி. அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் உள்ள உயிரினமாகவும் அறிவித்தார்கள். அணைகள், வெடி வைத்து மீன் பிடிப்பது, மணல் அள்ளுவது எல்லாமே காரணங்கள்தான். எனக்கு அதிகம் வலிப்பது வேறொன்று. மஹசீரைப் பெருக்குகிறோம் என்று நல்லெண்ணத்தோடு மகாராஷ்டிராவின் லோனாவாலா பண்ணையில் பொரித்த நீலத்துடுப்பு மஹசீர் குஞ்சுகளைப் பல ஆண்டுகள் காவிரியில் விட்டார்கள். அவை பெருகின, சொந்த ஆற்று மீன் ஒதுங்கிப்போனது. அதனால்தான் சொல்கிறேன், எந்த மீன் குஞ்சையும் வாங்கிவந்து ஆற்றில் விடாதீர்கள், வீட்டுத் தொட்டி மீனையும்கூட.

சரி, குளியல். முத்தத்தியில் நீர் சலனமில்லாமல்தான் தெரியும். அடியில் பாறையைத் தண்ணீர் குடைந்த ஆழமான குழிகள் உண்டு. முழங்கால் அளவு நீரில் நிற்பவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் போய்விடுவார். சங்கமத்துக்குக் கீழே மேகதாதுவில் இன்னும் மோசம். அகன்ற காவிரி அங்கே குறுகிய பாறை இடுக்குக்குள் அடித்துக்கொண்டு பாயும். ஆற்றில் முதலையும் உண்டு.

டிசம்பர், ஜனவரியில் விடியற்காலையில் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேருங்கள். குளிர்காய முதலைகள் பாறைமேல் வந்து படுத்திருக்கும், அசையாமல், வாயைத் திறந்தபடி. கரையோர நீர்மருது மரங்களை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். சாம்பல் நிற அணில் அங்கேதான் கூடு கட்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இதற்கென்றே சரணாலயம் உண்டு. நீர்நாய்க் கூட்டம் வந்தால் பார்ப்பதற்கு முன்பே கீச்சுச் சத்தம் கேட்கும். ஒரு பைனாகுலர் கையில் இருக்கட்டும்.

தூண்டில் ஆசையையும் விட வேண்டாம். சரணாலயத்துக்கு வெளியே, மீன்பிடி குத்தகைக்கு விட்ட கிராமத்து ஏரிகள் உண்டு. குத்தகைக்காரரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் கரையில் உட்காரலாம். மஹசீரைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால், விடுமுறையில் சிருங்கேரிக்குப் போங்கள். கோயில் படித்துறையில் துங்கை நதி மீன்களை யாரும் பிடிப்பதில்லை. கடைசிப் படியில் பையனை உட்காரவைத்து, கையில் ஒரு பொட்டலம் பொரி கொடுங்கள்.