3.73 மாற்றியபின் காலை எடுத்தால் மட்டும் ஊளை

பின் ஆக்ஸிலின் கியர் விகிதத்தை 3.73 ஆக மாற்றியபின், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மட்டும் ஊளை வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பினியன் (பின் ஆக்ஸிலின் பெரிய ரிங் கியரைச் சுழற்றும் சிறு கியர்) நட்டைப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது அமைதி, காலை எடுத்ததும் ஊளை என்றால், பெரும்பாலும் பினியன் பேரிங்கின் இறுக்கம் தளர்ந்திருக்கும். 1989 மஸ்டாங் 5.0-இன் 8.8 அங்குல ஆக்ஸிலில் 3.08-ஐ எடுத்துவிட்டு 3.73 போட்டபோது, பழைய நசுங்கும் ஸ்லீவையே (நட்டை இறுக்கும்போது நசுங்கி பேரிங்கின் இறுக்கத்தை நிலைநிறுத்தும் குழாய்) திரும்பப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சந்தேகம் அங்கேதான். அது ஒருமுறை நசுங்கினால் முடிந்தது.

சோதனை எளிது. பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டிரைவ் ஷாஃப்ட்டைக் கழற்றுங்கள். பினியன் ஃபிளாஞ்சை (டிரைவ் ஷாஃப்ட் பொருந்தும் தட்டு) இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மயிரிழை ஆட்டம் தெரிந்தாலும் விடை கிடைத்துவிட்டது.

ஆட்டமே இல்லையா? சரி, மூடியைத் திறந்து ரிங் கியரின் நாலைந்து பற்களில் மஞ்சள் மார்க்கிங் பேஸ்ட் தடவி, இரு திசையிலும் சுற்றுங்கள். தடம் பல்லின் அடியிலோ நுனியிலோ ஒதுங்கியிருந்தால் பினியன் ஷிம்மின் (பினியனின் ஆழத்தை அமைக்கும் மெல்லிய வளையம்) கனம் தவறு. டயல் கேஜில் பேக்லாஷ் (இரு கியர் பற்களுக்கு இடையிலான இடைவெளி) 0.008 முதல் 0.012 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும்.

நட்டை இன்னும் கொஞ்சம் முறுக்கிச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அளவு தாண்டினால் பின்னோக்கித் தளர்த்திச் சரிசெய்ய முடியாது. புது ஸ்லீவ், புது நட் போட்டு, புது பேரிங் என்றால் சுழற்சி இழுவை (பினியனைச் சுற்றத் தேவைப்படும் முறுக்கு விசை) 16 முதல் 29 அங்குல-பவுண்டு வரும்வரை சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

அப்புறம், ஸ்பீடோமீட்டர் கியரை மாற்றவில்லை என்றால் முள் சுமார் 21 சதவீதம் கூடுதலாகக் காட்டும். முள் 60 மைல் காட்டினால் உண்மையில் 50-க்குப் பக்கம்தான்.