ஸ்போர்ட்ஸ் காரைப் பிரிக்கும் முன்: வாசகர் கேள்விகள், பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சிங்கப்பூரில் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிப் பிரித்து, தங்கள் விருப்பப்படி மாற்றிக் கட்டும் இளையர்களிடமிருந்தும் அவர்களைச் சுற்றியிருப்பவர்களிடமிருந்தும் வந்தவை. அதனால் பகுதி முழுவதும் அவர்களுக்கே. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: வயது 26. சேர்த்து வைத்த பணத்தில் 2013ல் பதிவான டொயோட்டா 86 வாங்கினேன். மேனுவல் கியர். முன்பு வைத்திருந்தவர் சிஓஇயை, அதாவது வாகன உரிமைச் சான்றிதழை, ஐந்தாண்டுக்குப் புதுப்பித்திருக்கிறார், 2028 வரை இருக்கிறது. எஞ்சினை இறக்கி, டர்போ வைத்து, பாடி கிட் போட்டு, நிறம் மாற்றி முழுதாகக் கட்ட ஆசை. ஒர்க்‌ஷாப்பில் 28,000 வெள்ளி கேட்கிறார்கள். நியாயமான விலையா? – புக்கிட் பாத்தோக்

பதில்: விலையைப் பிறகு பார்ப்போம் தம்பி, முதலில் தேதி. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த சிஓஇயை மறுபடி புதுப்பிக்க முடியாது. கார் எவ்வளவு நன்றாக ஓடினாலும் 2028ல் அதைப் பதிவிலிருந்து நீக்கியே ஆக வேண்டும். பத்தாண்டுக்குப் புதுப்பித்த காருக்கு இந்தத் தடை கிடையாது. பத்தாவது ஆண்டில் சிஓஇயைப் புதுப்பித்தபோதே, காரைப் பதிவிலிருந்து நீக்கும்போது அரசாங்கம் திருப்பித் தரும் பார்ஃப் கழிவும் போய்விட்டது. கடைசி நாள் வரை ஓட்டினால் உங்கள் கைக்கு வருவது பழைய இரும்பு விலைதான். 28,000 வெள்ளியை மிச்சமிருக்கும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள். விற்றவர் இதை உங்களிடம் விளக்கிச் சொன்னாரா?

அடுத்தது டர்போ. இந்தக் காரில் இருப்பது சுபாருவின் 2 லிட்டர் எஃப்ஏ20 எஞ்சின். அதன் கம்ப்ரெஷன் விகிதம், அதாவது எரியும் முன் சிலிண்டருக்குள் காற்றை நெருக்கும் அளவு, 12.5க்கு 1. டர்போ இல்லாமல் ஓடுவதற்காகவே அவ்வளவு உயர்த்தி வைத்திருக்கிறார்கள். அதன்மேல் டர்போவின் காற்றழுத்தத்தையும் ஏற்றினால் எரிபொருள் நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் பதம் பார்க்கும். ஒழுங்காகச் செய்வதென்றால் பிஸ்டன், ராட், எரிபொருள் பம்ப், கிளட்ச் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். 28,000க்குள் இவையெல்லாம் அடங்குமா என்று ஒர்க்‌ஷாப்பில் வரி வரியாக எழுதி வாங்குங்கள். எஞ்சினை மாற்றுவதும் டர்போ பொருத்துவதும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் முன் அனுமதி இல்லாமல் செய்யக்கூடாத வேலைகள். அந்த அனுமதியை யார் வாங்குவது, கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். நிறம் மாற்றினால் அதையும் ஆணையத்தின் பதிவில் மாற்றியாக வேண்டும்.

இன்னொன்று. 2012, 2013 தயாரிப்புகளில் வால்வு ஸ்பிரிங் உடையக்கூடும் என்று 2018ல் சுபாரு பல கார்களைத் திரும்ப அழைத்தது. உங்கள் காரும் அதில் அடங்குமா, வேலை முடிந்திருக்கிறதா என்று சட்டக எண்ணைக் கொடுத்து அதிகாரபூர்வ முகவரிடம் கேளுங்கள். எஞ்சினைத் தொடும் முன் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஆசையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். எஞ்சின் தாழ்வாக உட்கார்ந்திருக்கும், பின் சக்கரம் தள்ளும் இவ்வளவு நல்ல கார் அந்த விலைக்கு அதிகம் இல்லை. சஸ்பென்ஷன் ரப்பர் புஷ், பிரேக் திரவம், கூலண்ட் குழாய்கள், கிளட்ச், நல்ல டயர் – பணத்தை இவற்றில் போடுங்கள். அதன்பிறகும் மிஞ்சினால் சஸ்பென்ஷன், இருக்கை, ரிம் போன்று கழற்றி எடுக்கக்கூடிய பொருள்களாக வாங்குங்கள். 2028ல் பத்தாண்டு சிஓஇ உள்ள இன்னொரு 86 கிடைத்தால் எல்லாம் அதில் ஏறும். பெயின்டும் எஞ்சின் வேலையும் காரோடு போய்விடும். கழற்றும் ஒரிஜினல் பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள், பரிசோதனையின்போது தேவைப்படும்.

கேள்வி: என்னிடம் இருப்பது 3ஏ உரிமம். மேனுவல் கார் வாங்கிவிட்டேன். கிளாஸ் 3 உரிமம் உள்ள நண்பர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஓட்டலாமா? – செங்காங்

பதில்: கூடாது. 3ஏ உரிமம் ஆட்டோ கியர் காருக்கு மட்டும்தான். விபத்து நடந்தால் காப்புறுதியும் கை கொடுக்காது. முதலில் கிளாஸ் 3 எடுங்கள்.

கேள்வி: இணையச் சந்தையில் 17 இஞ்ச் டிஇ37 ரிம், புத்தம் புதிது, நான்கும் சேர்த்து 520 வெள்ளி. படத்தில் அப்படியே ஒரிஜினல் போல இருக்கிறது. வாங்கலாமா? – ஈசூன்

பதில்: வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இந்த விஷயத்தில் எனக்கு ஆத்திரம் நிறைய உண்டு.

ஜப்பானின் ரேஸ் (RAYS) என்ற நிறுவனம் டிஇ37 ரிம்மை 1996ல் கொண்டுவந்தது. அலுமினியத் துண்டைப் பெரும் அழுத்தத்தில் அடித்து உருவாக்கும் ரிம் அது. பெயரில் உள்ள 37, அந்தக் காலத்து 15 இஞ்ச் ரிம்மின் எடையான 3.7 கிலோவைக் குறிக்கிறது. நீங்கள் சொல்லும் விலைக்கு அதில் ஒன்றுகூட வராது. உங்களுக்குக் காட்டியிருப்பது உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றிய ரிம். ஊற்றிச் செய்வது தவறில்லை. தொழிற்சாலையிலிருந்து காரோடு வரும் ரிம்கள் பெரும்பாலும் அப்படிச் செய்தவைதான். ஆனால் நல்ல தயாரிப்பாளர், ஊற்றிய உலோகத்தின் பலத்துக்கு ஏற்ப ஆரங்களைத் தடிப்பாக வைப்பார். போலி செய்பவருக்கு உருவம் அப்படியே வர வேண்டும். அடித்துச் செய்த ரிம்முக்காக வரைந்த மெல்லிய ஆரங்களைப் பலம் குறைந்த உலோகத்தில் ஊற்றிவிடுகிறார். அதை மாட்டிக்கொண்டு மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறக்கிப் பாருங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஜப்பானிய ரிம் தரத்தைக் காட்டும் ஜேடபிள்யுஎல் முத்திரை இருக்கிறது என்பார்கள். முத்திரையையும் சேர்த்தே அச்சில் ஊற்றலாம். ரிம்மைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள். ஆரங்களின் முதுகில் சொரசொரப்பும், பெயின்டுக்கு அடியில் ஊசிமுனைத் துளைகளும் தெரிந்தால் விலகிக்கொள்ளுங்கள். ஒரு தராசில் வைத்து எடையை நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். எத்தனை கிலோ பாரம் தாங்கும் என்று விற்பவரைக் கேளுங்கள். பதில் வராது.

பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு கடையில் ஜப்பானிய முத்திரை போட்ட பக்கெட் இருக்கை வாங்கினேன். துணி, தையல், லேபிள் எல்லாம் கச்சிதம். சில மாதங்களில், பக்கவாட்டு போல்ட் துளைகளைச் சுற்றி ஃபைபர் ஓட்டில் முடியளவு வெள்ளைக் கோடுகள் ஓடின. கட்டைவிரலால் அழுத்தினால் ஓடு உள்வாங்கியது. துணியை உரித்துப் பார்த்தால் கண்ணாடியிழை ஒரே அடுக்கு, சில இடங்களில் வெறும் பசை. விபத்தில் என் உடம்பைத் தாங்க வேண்டிய பொருள் அது. கடைக்காரர் சொன்னது: “ஒரிஜினல்னு நாங்க எழுதிக் கொடுக்கலையே.” உண்மைதான், ரசீதில் வெறும் ‘இருக்கை’ என்றே இருந்தது. அன்றிலிருந்து பெயரும் மாடலும் எழுதாத ரசீதுக்கு நான் பணம் கொடுப்பதில்லை.

520 வெள்ளிதான் இருக்கிறது என்றால் அதே மாடல் காரிலிருந்து கழற்றிய தொழிற்சாலை ரிம்களை வாங்குங்கள். அல்லது சொந்தப் பெயரில் விற்கும் ஒரு தயாரிப்பாளரின் எளிய ரிம்முக்குப் பணம் சேருங்கள். போலியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: அதை அடுத்த பையனிடம் ஒரிஜினல் என்று தள்ளிவிடாதீர்கள்.

கேள்வி: டீலரிடம் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வாங்கி ஏழு வாரம். எஞ்சின் சூடானபின் நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆவதில்லை. ‘உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது’ என்று ஒப்பந்தத்தில் இருப்பதால் பொறுப்பில்லை என்கிறார் டீலர். அப்பா பணம் போட்டு வாங்கிக் கொடுத்த கார். – ஜூரோங் வெஸ்ட்

பதில்: வருத்தமாக இருக்கிறது. ஆனால் உங்கள் பக்கம் சட்டம் இருக்கிறது. குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும், 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள லெமன் சட்டம் டீலர் விற்கும் பழைய கார்களுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் வேலை. குறிப்பிட்ட இந்தக் குறையை வாங்கும்போதே உங்களுக்குக் காட்டியிருந்தால் ஒழிய, ‘உள்ளது உள்ளபடி’ என்ற பொதுவான வரி அவரைக் காப்பாற்றாது. காரின் வயதும் விலையும் கணக்கில் வரும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

நீங்கள் சொல்லும் அறிகுறி, உங்கள் காரில் உள்ள ரோட்டரி எஞ்சினில் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் எஞ்சின்) கம்ப்ரெஷன் குறைந்திருப்பதற்கு அடையாளம். ரோட்டரின் மூன்று முனைகளிலும் உள்ள சீல்கள் தேய்ந்திருக்கலாம். சாதாரண கம்ப்ரெஷன் மீட்டர் இதற்குச் சரிப்படாது. ரோட்டரிக்கு உரிய கருவி வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் சோதித்து, ஒவ்வொரு ரோட்டருக்கும் அளவை எழுதி வாங்குங்கள். எஞ்சினைப் பிரிக்க விடாதீர்கள், பிரித்தால் பழி உங்கள் தலையில் விழும். அந்தத் தாளோடு டீலருக்கு எழுத்தில் கேளுங்கள்: பழுது பார்த்துத் தர வேண்டும், முடியாவிட்டால் விலைக் குறைப்பு அல்லது பணம் திரும்ப வேண்டும். மசியாவிட்டால் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் போங்கள். அதற்கும் மேல் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை அங்கே கேட்கலாம். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் முடியாது.

அப்பாவிடம் மறைக்காதீர்கள். ரசீது அவர் பெயரில் இருந்தால் புகாரும் அவர் பெயரில்தான் போக வேண்டும்.

கேள்வி: ஜோகூர் பாருவில் ஹாஃப் கட் கடையில் (பழைய கார்களைப் பாதியாக வெட்டி விற்கும் கடை) ஹோண்டாவின் கே20ஏ எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டும் சேர்த்து மலிவாகச் சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் படம் பார்த்து முழுப் பணமும் அனுப்பிவிட்டேன். இப்போது வேறு எஞ்சின் வந்திருக்கிறது. என்ன செய்வது? – உட்லண்ட்ஸ்

பதில்: பாலத்தைத் தாண்டி நேரில் பார்க்கக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு, எஞ்சின் எண்ணைக்கூடக் கேட்காமல் முழுப் பணத்தையும் அனுப்பியிருக்கிறீர்கள். அங்குள்ள கடையை இங்குள்ள நடுவர் மன்றத்துக்கு இழுப்பது நடைமுறையில் கடினம். உரையாடலை அழிக்காமல் வைத்துக்கொண்டு நேரில் போய் மாற்றிக் கேளுங்கள்.

மாற்றிக் கொடுத்தாலும் வேலை முடியவில்லை. ஆணையத்தின் பதிவில் உள்ள எண்ணும் காரில் உள்ள எஞ்சின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், அதனால் அனுமதி வாங்கிய பிறகே பொருத்துங்கள். எல்லையில் வரியும் கட்ட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் திரும்பியவருக்கு 100 வெள்ளி வரைதான் விலக்கு, மீதிக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி. இதையெல்லாம் கூட்டிய பிறகும் மலிவா என்று பணம் அனுப்பும் முன் கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி: பெயின்ட், பாடி வேலைக்குக் காரை விட்டு ஐந்து மாதம். 6,000 வெள்ளி கொடுத்தாகிவிட்டது. கதவுகள் கழற்றிய நிலையில் நிற்கிறது. கேட்டால் “அடுத்த வாரம்”. – பிடோக்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. கார் நின்றாலும் சிஓஇ ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்தாண்டுக்கு 45,000 வெள்ளி கட்டியிருந்தால் மாதம் 750 வெள்ளி. சாலை வரியும் காப்புறுதியும் தனி.

இன்றே நேரில் போய்க் கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுங்கள். பம்பர், விளக்கு, உள்பக்க ரப்பர், ஸ்குரு வைத்த பை வரை. பிறகு மின்னஞ்சலில் எழுதுங்கள்: இந்தத் தேதிக்குள் முடித்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் செய்த வேலைக்கு மட்டும் விவரமான கணக்கு கொடுத்து மீதியைத் திருப்ப வேண்டும். அந்தத் தேதி தாண்டினால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். சேவை ஒப்பந்தங்களும் அங்கே வரும், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். நீங்களே காரை இழுத்து வரப் போய்ச் சண்டையில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மற்றவர்களுக்கு: முன்பணம் என்றால் ஒரு பகுதி. முழுப் பணம் வாங்கிய ஒர்க்‌ஷாப்புக்கு உங்கள் காரைத் தொட அவசரமே இல்லை.

கேள்வி: மகனுக்கு 22 வயது. ஸ்போர்ட்ஸ் காருக்கு அவன் பெயரில் காப்புறுதி அதிகம் வருகிறதாம். என்னை முக்கிய ஓட்டுநராகப் போடச் சொல்கிறான். கடனும் என் பெயரில். நான் கார் ஓட்டியே பல வருடம் ஆகிறது. – தோ பாயோ

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா. தினமும் ஓட்டுவது மகன் என்றால் உங்களைக் காட்டுவது பொய்த் தகவல். பெரிய விபத்தில் நிறுவனம் அதைக் கண்டுபிடித்தால் இழப்பீடு முழுதும் குடும்பத்தின் தலையில் விழும். கடன் உங்கள் பெயரில் இருந்தால் அவன் கட்டாத மாதம் வங்கி உங்களைத்தான் கேட்கும். காரில் செய்த மாற்றங்களையும் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்ல வேண்டும், அதை அவனிடம் நீங்களே கேளுங்கள். அவன் வருமானத்தில் அவன் பெயரில் எந்தக் கார் முடிகிறதோ அதை வாங்கட்டும்.

கேள்வி: முன் கண்ணாடிக்கு எவ்வளவு கறுப்பு ஒட்டலாம்? – தெம்பனிஸ்

பதில்: முன் கண்ணாடி, முன் பக்கக் கண்ணாடிகள் வழியே குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சம் வர வேண்டும். அளவு குறிப்பிட்ட சான்றிதழ் தராத கடையில் ஒட்டாதீர்கள்.