4–20 மில்லியாம்பியர் லூப் தகராறுகள்: கேள்வி பதில்

கேள்வி: சார், டேங்க் லெவல் டிரான்ஸ்மிட்டர் 66 சதவீதம் வரை சரியாக ஏறுகிறது. அதற்கு மேல் டேங்க் நிரம்பினாலும் அப்படியே நிற்கிறது. புது டிரான்ஸ்மிட்டர் போட்டும் அதே கதை. லூப்பில் ஜீனர் பேரியரும் (வெடி அபாயப் பகுதிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் தடுப்பு) பேப்பர்லெஸ் ரெக்கார்டரும் இருக்கின்றன.

பதில்: டிரான்ஸ்மிட்டர் மேல் பழி இல்லை. வோல்டேஜ் பற்றவில்லை. டிரான்ஸ்மிட்டர் தன் அளவை லூப்பில் ஓடும் கரன்ட்டாக அனுப்புகிறது: 4 மில்லியாம்பியர் என்றால் 0 சதவீதம், 20 என்றால் 100. லூப்பில் உள்ள ஒவ்வொரு ஓமும் சப்ளை வோல்டேஜில் கொஞ்சம் தின்னும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிஎல்சி (கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) கார்டு 250 ஓம், ரெக்கார்டர் 250, பேரியர் சுமார் 300. 800 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. கேபிள் என்றால் போக வர 20 ஓம். மொத்தம் 820. டிரான்ஸ்மிட்டர் வேலை செய்யக் குறைந்தது 12 வோல்ட் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் (உங்கள் மாடலின் டேட்டாஷீட்டில் சரியான எண் இருக்கும்), 24 வோல்ட் சப்ளையில் மீதி 12 வோல்ட்தான். 12-ஐ 820-ஆல் வகுத்தால் 14.6 மில்லியாம்பியர். அதுதான் உங்கள் 66 சதவீதம்.

உறுதிப்படுத்த, ஆபரேட்டரிடம் சொல்லி கன்ட்ரோலை மேனுவலில் வைத்துவிட்டு, கம்யூனிகேட்டரில் (டிரான்ஸ்மிட்டரோடு பேசும் கைக்கருவி) லூப் டெஸ்ட் போட்டு 4, 12, 20 என்று கரன்ட்டைக் கட்டாயப்படுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் டிரான்ஸ்மிட்டர் டெர்மினலில் வோல்டேஜ் அளவெடுங்கள். 4-ல் 20.7 வோல்ட் இருக்கும். 12-ல் 14 வோல்ட்டுக்கு இறங்கும். 20 கேட்டால் 14.6-க்கு மேல் ஏறாது, டெர்மினலில் 12 வோல்ட்டில் நின்றுவிடும். வெறும் 4-ல் பார்த்துவிட்டு ‘வோல்டேஜ் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று போனால் கோளாறு கண்ணில் படவே படாது.

ரெக்கார்டரை லூப்பிலிருந்து எடுத்து சிக்னல் ஸ்ப்ளிட்டர் (ஒரு சிக்னலை இரண்டாகப் பிரித்துத் தரும் கருவி) வழியாகக் கொடுத்தால் 570 ஓமாகக் குறையும். 20 வரை போகும், ஆனால் 21 மில்லியாம்பியர் அலாரத்துக்கு (டிரான்ஸ்மிட்டர் தன் கோளாறைச் சொல்லும் சிக்னல்) மிச்சம் ஏதும் இல்லை. ஜீனர் பேரியருக்குப் பதில் ஐசொலேட்டர் (இரு பக்கத்தையும் மின்தொடர்பில்லாமல் பிரிக்கும் கருவி) போடுவதே என் தேர்வு. சப்ளையை 30 வோல்ட்டுக்கு ஏற்றிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், பேரியரின் உள் ஃபியூஸ் போய்விடும்.

கேள்வி: அண்ணா, மழை பெய்தால் பிரஷர் ரீடிங் 3 சதவீதம் கூடுகிறது. வெயில் அடித்தால் தானாகவே சரியாகிவிடுகிறது.

பதில்: தம்பி, ஜங்ஷன் பாக்ஸையோ டிரான்ஸ்மிட்டரின் டெர்மினல் மூடியையோ திறந்து பார். டெர்மினல்களுக்கு நடுவே பச்சை படிந்திருக்கும். அந்த ஈரம் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே 40 கிலோஓம் ரெசிஸ்டர் மாதிரி உட்கார்ந்திருந்தால், 20 வோல்ட்டில் அரை மில்லியாம்பியர் கூடுதலாக ஓடும். அது 3 சதவீதம். ஸீரோ ட்ரிம் (0 புள்ளியைத் திருத்துவது) செய்து இதை மறைக்கப் பார்க்காதே, வெயில் வந்ததும் ரீடிங் கீழே போய்விடும்.

பார்க்க வேண்டியது கேபிள் கிளாண்ட், அதாவது கேபிள் உள்ளே நுழையும் இடத்தை இறுக்கி அடைக்கும் பாகம். கேபிள் விட்டத்துக்குப் பெரிய கிளாண்ட், தட்டையாகிப்போன ஓ-ரிங் (ரப்பர் வளையம்), அடைக்காத உபரி ஓட்டை, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். கேபிளைக் கிளாண்டுக்குக் கீழே தொங்கவிட்டு மேலே வளைத்து நுழை, தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். புளிப்பு வாடை அடிக்கும் சிலிக்கான் பூசாதே, அது செம்பை அரிக்கும். மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) போடுவதென்றால் இரண்டு முனையையும் கழற்றிவிட்டுப் போடு. 500 வோல்ட் டிரான்ஸ்மிட்டருக்குள் போனால் அதற்கே புதுசு வாங்க வேண்டிவரும்.

கேள்வி: மில்லியாம்பியர் சரியாக வருகிறது, ஹார்ட் கம்யூனிகேட்டர் மட்டும் ‘டிவைஸ் இல்லை’ என்கிறது.

பதில்: கம்யூனிகேட்டரை சப்ளையின் இரு முனையில் மாட்டியிருப்பீர்கள். ஹார்ட் என்பது அந்த 4–20 டிசி கரன்ட் மேலேயே ஏறி டிஜிட்டல் தகவலைக் கொண்டு வரும் ±0.5 மில்லியாம்பியர் அலை, 1200 ஹெர்ட்ஸ் என்றால் 1, 2200 என்றால் 0. சப்ளை அந்த அலையை விழுங்கிவிடும். லூப்பில் குறைந்தது 230–250 ஓம் இருக்க வேண்டும். மாட்டும் இடம் டிரான்ஸ்மிட்டர் டெர்மினல், இல்லையென்றால் அந்த ரெசிஸ்டரின் இருபுறம். கார்டின் உள் ரெசிஸ்டன்ஸ் 50 அல்லது 100 ஓம்தான் என்றால் வெளியே 250 சேர்க்கவும், முதல் பதிலில் போட்ட வோல்டேஜ் கணக்கை மறக்காமல்.

கேள்வி: ரீடிங் 3.6-லேயே நிற்கிறது. ஒயர் அறுந்திருக்குமா?

பதில்: இல்லை. அறுந்தால் 0. 3.6-லோ அதற்குக் கீழோ, 21-லோ அதற்கு மேலோ நின்றால் பெரும்பாலும் டிரான்ஸ்மிட்டரே ‘எனக்குள் கோளாறு’ என்று சொல்கிறது, டிஸ்ப்ளேயில் எர்ரர் கோடு பாருங்கள். 3.8-லோ 20.5-லோ நின்றால் அளவு ரேஞ்சைத் தாண்டிவிட்டது.

கேள்வி: ஆர்எஸ்-485 லைனில் (பல கருவிகள் ஒரே ஒயர் ஜோடியில் டிஜிட்டலாகப் பேசும் லைன்) 12 ஃப்ளோ மீட்டர். கடைசி நான்கு மட்டும் அடிக்கடி டைம்அவுட்.

பதில்: எல்லாவற்றுக்கும் பவரை நிறுத்தி ஏ-க்கும் பி-க்கும் நடுவே ஓம் பாருங்கள். 60 அருகில் வந்தால் இரு முனையிலும் 120 ஓம் டெர்மினேஷன் (சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்க லைன் முனையில் போடும் ரெசிஸ்டர்) சரி. 120 என்றால் ஒன்று இல்லை, 40 என்றால் நடுவில் எதிலோ மூன்றாவது சுவிட்ச் ஆனில் இருக்கிறது. மூன்றாவதுதான் அடிக்கடி நடப்பது, மீட்டருக்குள் இருக்கும் சின்ன டிப் சுவிட்சை யாரும் பார்ப்பதில்லை.

60 வந்தும் சரியாகவில்லை என்றால் கேபிள் போன பாதையைப் பாருங்கள். நடுவில் கிளை பிரித்து ஸ்டார் மாதிரி இழுத்திருந்தால், மீட்டருக்கு மீட்டர் தொட்டுப் போகும்படி மாற்ற வேண்டும். டிரைவ் மோட்டார் கேபிளோடு ஒரே ட்ரேயில் ஓடினால் குறைந்தது 300 மி.மீ. தள்ளுங்கள். ஷீல்டை பேனல் முனையில் மட்டும் எர்த் செய்து, மீட்டர்களில் ஒன்றோடொன்று இணைத்து டேப் சுற்றிவிடுங்கள்.

இதற்கும் மசியவில்லையா? எட்டாவது மீட்டருக்குப் பிறகு லைனைக் கழற்றி, டெர்மினேஷனை எட்டில் போட்டு ஓட்டுங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். எந்த மீட்டரைச் சேர்த்ததும் கெடுகிறதோ, அதன் ஸ்லேவ் அட்ரஸ் (லைனில் அந்த மீட்டருக்கான எண்) வேறொன்றோடு மோதுகிறதா, பேரிட்டி (டேட்டா பிழையைக் கண்டுபிடிக்கும் அமைப்பு) பொருந்துகிறதா, ஏ-யும் பி-யும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி ஏ, பி பெயரையே மாற்றி அச்சடிக்கிறார்கள், அதனால் ஒயரை மாற்றிப் போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை, எதுவும் எரியாது.