பீரோவுக்குள் போன மூன்று புத்தகங்கள்: கையெழுத்துப் போடலாமா?

ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு, இவர் அங்கே பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர். நூலகத்திலிருந்த மூன்று புத்தகங்களைப் பற்றி ஒரு பெற்றோர் புகார் சொன்னதும் பள்ளியில் அவற்றை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்களாம். ஒன்று, கடலில் அப்பாவைப் பறிகொடுத்த பையனின் கதை. இன்னொன்று, பெண்பிள்ளைகள் வயதுக்கு வருவதைப் பற்றியது. மூன்றாவது, கெட்ட வார்த்தைகள் வரும் ஒரு நாவல். முதல் புத்தகத்தை இவர் மகள் பாதி படித்துக்கொண்டிருக்கும்போதே வாங்கி வைத்துவிட்டார்கள். அடுத்த கூட்டத்தில் ‘குழு அனுமதித்த புத்தகங்களை மட்டுமே மாணவர்களுக்குத் தருவது’ என்று தீர்மானம் வருகிறது, கையெழுத்துப் போடலாமா என்று கேட்கிறார்.

அந்த வாசகத்துக்குப் போடாதீர்கள். ஆனால் வெறுங்கையோடு போய் மறுக்கவும் வேண்டாம், வேறொரு தீர்மானத்தை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

பிள்ளைகள் கையில் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று சொல்லும் ஆள் இல்லை நான். நூலகர் வேலையே பொறுக்கி எடுப்பதுதான், வருகிற கொஞ்சப் பணத்தில் பத்தை வாங்கினால் நூறை விட்டுவிட்டுத்தான் வருகிறோம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டும் தட்டில் பேய்க்கதையை நானும் வைக்க மாட்டேன். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் இரண்டு இங்கே போதும்: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். ஒரு புத்தகத்தை மூன்றாம் வகுப்புத் தட்டிலிருந்து எடுத்து ஏழாம் வகுப்புத் தட்டில் வைத்தால் அதற்கான வாசகரைத் தேடுகிறோம் என்று அர்த்தம். பீரோவில் பூட்டினால் அதற்கு வாசகரே இல்லை.

‘அரசு நடத்திய வாசிப்பு இயக்கப் புத்தகங்களில்கூட நுழை, நட, ஓடு, பற என்று பிரித்துத்தானே கொடுத்தார்கள்’ என்று கூட்டத்தில் யாராவது கேட்கலாம். அது எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரையும் சரளமாகப் படிக்கிறவரையும் பார்த்துப் போட்ட படி. இன்ன விஷயத்தைப் படிக்காதே என்று போட்ட வேலி இல்லை.

இப்போது அந்தக் கடல் கதை. இதில் நானும் ஒரு காலத்தில் தப்புப் பண்ணியவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதே கடற்கரையில் ஒரு பள்ளியில் நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வல்லம் என்கிற நாட்டுப்படகில் மீன்பிடிக்கப் போன அப்பா திரும்பி வராத பையன் ஒருவன் எட்டாம் வகுப்பில் இருந்தான். படகு கவிழ்கிற கதை ஒன்று அங்கே இருந்தது, அவன் கண்ணில் பட வேண்டாமே என்று எடுத்து என் மேசைக்குள் வைத்தேன். நல்ல எண்ணம்தான். எப்படியோ எடுத்துப் படித்துவிட்டான். நாலு நாள் கழித்துத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்து, “இந்தப் பையனுக்கு அவங்க அப்பா உடம்பாவது கிடைச்சுச்சு டீச்சர்” என்றான். அப்புறம் அரை மணி நேரம் பேசினான், அதுவரை பள்ளியில் யாரிடமும் அவன் அதைப் பற்றிப் பேசியதில்லை. பாம்பனிலும் மண்டபத்திலும் கடலுக்குப் போன படகு கரைக்கு வரும்வரை வீட்டில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை, இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன செய்தி பேப்பரில் வருவதற்கு முன்னால் பிள்ளைகள் காதுக்கு வந்துவிடுகிறது. இந்த ஊர்ப் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று கடல் கதையைப் பூட்டுவது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று எனக்குப் புரியவில்லை.

வயதுக்கு வருவது பற்றிய புத்தகத்துக்கு அதிகம் பேச வேண்டியதில்லை. ஏழாம் வகுப்புக்குள் நிறையப் பெண்பிள்ளைகளுக்கு அது நடந்துவிடும், ஐந்தாம் வகுப்பிலேயே ஆகிறவர்களும் உண்டு. ஆண்பிள்ளைகளும் படிக்கட்டும்.

நாவல்தான் யோசிக்க வேண்டியது. அது பெரியவர்களுக்கு எழுதியதாகவே இருக்கலாம், எட்டாம் வகுப்புவரை உள்ள பள்ளியில் அதற்கு இடமில்லை என்ற முடிவும் வரலாம், அதில் தப்பில்லை. ஆனால் முழுவதும் படித்துவிட்டு வரட்டும். ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதைப் பார்த்த இருபது பேர் ஆமாம் ஆமாம் என்று சொன்னால் அது படித்த கணக்கில் வராது. ஒரு சாதியையோ மதத்தையோ இழிவு செய்கிற புத்தகத்தை எடுக்கச் சொல்லி நானே கேட்பேன், தப்பான தகவல் இருப்பதையும்தான். ஆவுளியா என்கிற கடல்பசுவை மீன் வகையில் சேர்த்திருந்த ஒரு பொது அறிவுப் புத்தகத்தை நானே கழித்துக்கட்டியிருக்கிறேன், அது குட்டிக்குப் பால் கொடுக்கிற பிராணி என்பது இங்கே மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், இதழ்கள், கதைப் புத்தகங்கள் உட்பட எல்லா விஷயங்களையும் பற்றிய புத்தகங்கள் உள்ள நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. மேலாண்மைக் குழு 21-வது பிரிவில் வருகிறது: பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் போடுவது, மானியம் செலவாவதைப் பார்ப்பது. அங்கே எழுதியிருக்கும் வேலைகளில் புத்தகத்தைத் தடை செய்வது இல்லை. குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உங்கள் பேச்சுக்கு அங்கே மதிப்பு உண்டு.

தீர்மானத்தில் இப்படி எழுதுங்கள். புகார் எழுத்தில் வர வேண்டும், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், என்ன ஆட்சேபம் என்று. ஒரு ஆசிரியர், குழுவில் ஒரு அம்மா, ஒரு அப்பா என மூன்று பேர் முழுதாகப் படித்து ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்: அதே தட்டு, மேல் வகுப்புத் தட்டு, அல்லது நீக்கம், காரணத்தோடு. அதுவரை புத்தகம் தட்டிலேயே இருக்கும். தன் பிள்ளைக்கு மட்டும் ஒரு புத்தகம் வேண்டாம் என்கிற பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம், அது அவர் உரிமை, மற்ற வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து அவர் சொல்ல முடியாது. கூட்டத்தைக் கடலில் பாசி எடுக்கப் போகிற பெண்கள் கரைக்கு வந்த பிறகு வைக்கச் சொல்லுங்கள், பதினோரு மணிக்கு வைத்தால் பாதி அம்மாக்கள் வர மாட்டார்கள்.

உண்மையில் பல பள்ளிகளில் புத்தகம் முழுவதுமே பீரோவில்தான் கிடக்கிறது. கருத்துக்குப் பயந்து இல்லை, தொலைந்தால் இருப்புப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது என்ற பயம். வாசித்துக் கிழிந்ததற்கும் தொலைந்ததற்கும் ஆசிரியரிடம் காசு கேட்பதில்லை என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், பள்ளியே உங்கள் பக்கம் வந்துவிடும். அப்துல் கலாம் சிறுவனாக இருந்த ராமேஸ்வரத்தில் புத்தகம் கிடைப்பதே அபூர்வம், மாணிக்கம் என்பவர் வீட்டில் இருந்த புத்தகங்களைத்தான் போய் வாங்கிப் படித்ததாக அவரே எழுதியிருக்கிறார், முடிந்த அளவு படி என்று அந்த மனிதர் ஊக்கப்படுத்தினாராம்.

மகளுக்குச் சங்கடம் வருமா என்ற பயம் நியாயமானது. அதனால் கூட்டத்தில் மகள் பெயரை எடுக்காதீர்கள், மூன்று புத்தகத்தையும் நீங்கள் படித்துவிட்டுப் போய் உங்கள் கருத்தாகவே பேசுங்கள். குழு உறுப்பினர் என்ற முறையில் படித்துப் பார்க்க வேண்டும் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டு நாளைக்கே வாங்கி வந்துவிடலாம். கடல் கதையை முதலில் மகளிடம் கொடுங்கள், அவளுக்கு இன்னும் பாதி பாக்கி இருக்கிறது.